சோறு போட்ட கை

அவருடைய சாவு வீட்டில் ஆளுக்கு ஆள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எத்தன பேருக்குச் சோறு போட்ட கை லா அது!" ஜெலுத்தோங்கில் அவர் இருந்த அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, பாக்கெட் பானத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்கள். பெட்டிக்குள் அந்தக் கை நெஞ்சின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ நகம் வெட்டி, துடைத்து, விபூதி பூசியிருந்தார்கள். அவ்வளவு சுத்தமாக அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் அறிந்த கை வேறு. அதன் கட்டைவிரல் எப்போதும் குழம்புக்குள் இருக்கும். கிண்ணத்தை விளிம்பில் பிடிக்க அவருக்கு வராது; விரலை உள்ளே விட்டுத்தான் தூக்குவார். வளைந்த மஞ்சள் நகம், அதனடியில் அவர் வேலை செய்த கிடங்கின் கறுப்பு. ஆட்டுக்கறிக் குழம்பில் பாதி முங்கிய அந்த விரல் எண்ணெய் மினுங்க நம்மை நோக்கி வரும். கிண்ணத்தை வைத்ததும் விரலை வாயில் விட்டுச் 'ச்சுப்' என்று உறிஞ்சுவார். பிறகு அதே விரலோடு அடுத்த கிண்ணம்.

இறந்தவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று அம்மா கேட்பாள். கூடாரத்தில் கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

எல்லாரும் அவரை மண்டோர் என்றுதான் அழைத்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சீன முதலாளியின் அரிசி, வெங்காயக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். காலையில் ஆட்கள் கிடங்கு வாசலில் கூடி நிற்பார்கள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே வந்து, விரலை நீட்டி, "நீ, நீ, அந்தா பின்னால நீ" என்பார். விரல் காட்டப்பட்டவனுக்கு அன்று வேலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே என் அப்பா அந்த விரலுக்கு முன்னால் நின்றவர். எங்கள் குடும்பத்தில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு, வரை போன முதல் ஆள் நான். என் சட்டை, புத்தகம், பஸ் செலவு எல்லாம் அந்த விரல் அப்பாவைக் காட்டிய நாட்களில் வந்தவை. அந்தக் கை எதை நீட்டினாலும் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தீபாவளியன்று பிற்பகல் அவர் வீட்டில் விருந்து. கிடங்கு ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு போகவேண்டும். போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவர் உட்காரமாட்டார். புதுக் கைலி, பனியன், அக்குளிலிருந்து வழியும் வியர்வை. சட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலி நாற்காலியாக வருவார். ஒவ்வொருவர் தட்டையும் குனிந்து பார்ப்பார். பேச்சை விட்டுவிட்டுத் தட்டைப் பார்க்கும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"என்னா லா, கோழி கொத்துற மாரி கொத்துற? நல்லா அள்ளித் தின்னு!"

"போதும்ணே. வயிறு நெறஞ்சிருச்சு."

"என் வீட்டுல அந்த வார்த்தைக்கு எடமில்ல தம்பி. வெளிய போயி சொல்லிக்க."

தட்டின்மேல் கையை வைத்து மறைத்தால் கையின் மேலேயே ஊற்றுவார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சில நேரம் எலும்பிலிருந்து ஒரு கடி கடித்து, "அடடா, பஞ்சு மாரி இருக்கு, இந்தா" என்று மிச்சத்தை நம் வாயில் திணிப்பார். அவர் பல் பட்ட இடம் ஈரமாக இருக்கும். அது பாசம் என்று சொன்னார்கள். சின்ன வயதில் எனக்கு அப்படி இரண்டொரு முறை நடந்திருக்கிறது. அந்த ஈரத்தை இன்றும் நாக்கில் உணர்கிறேன். இதை எழுதும்போதுகூட எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

ராமையா அண்ணன் என்று ஒருவர் கிடங்கில் இருந்தார். வயிற்றில் அறுவை செய்து, தையல் பிரித்துச் சில நாட்களே ஆகியிருந்த தீபாவளி அது. வராமல் இருந்திருக்கலாம். வந்தார், கையோடு பெண்சாதியையும் கூட்டிவந்தார்.

"அண்ணே, டாக்டர் கஞ்சி மட்டும்தான் குடிக்கச் சொல்லியிருக்கான்."

"டாக்டருக்கு என்னா லா தெரியும்? அவன் மண்டோர் வீட்டுக் கறி தின்னுருக்கானா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராமையா அண்ணனும் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் கறித்துண்டு உள்ளே போய்விட்டது. பிறகு இன்னொன்று. அவர் மென்றார். கண்ணில் நீர் நின்றது, ஆனால் மென்றார். கீழே இறங்கும்போது மாடிப்படித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். அந்த அக்கா தன் தீபாவளிப் புடவைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தாள். மண்டோர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"டேய், என் கறிய படிக்கட்டுக்கு ஊட்டிட்டுப் போறியேடா!"

அந்த வருடம் முழுக்கக் கிடங்கில் இதுதான் நகைச்சுவை. ராமையா அண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் காலையிலேயே விரல் அவரைக் காட்டியது. பார்த்தாயா, எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். கூடாரத்திலும் அந்தக் கதையைச் சொன்னார்கள், வாந்தியை விட்டுவிட்டு.

மண்டோர் எங்கள் வீட்டுக்கும் வருவார். தீபாவளிக் காலையில், கூட இரண்டு பேரோடு. அம்மா முறுக்கும் அதிரசமும் வைப்பாள். ஒரு முறுக்கை எடுத்து ஒடித்து, முகர்ந்து, அதைத் தட்டிலேயே திரும்பப் போட்டுவிடுவார். "நான் பசியாறிட்டுத்தான்மா வந்தேன்." யாரும் வற்புறுத்தியதில்லை. அப்பா, "ஒன்னாச்சும் எடுத்துக்குங்கண்ணே" என்பார், மெதுவாக, ஒரே ஒருதரம். அவர் தலையை ஆட்டினால் முடிந்தது. வேண்டாம் என்ற சொல்லை அவர் வைத்திருந்தார். நம்மிடம் அது இல்லை.

அவர் போனபின் அந்த உடைந்த முறுக்கை அம்மா குப்பையில் போடுவாள். ஆனாலும் அவரை விட்டுக்கொடுக்கமாட்டாள்.

"ஜப்பான்காரன் காலத்துல பட்டினி கெடந்தவருப்பா. மரவள்ளித் தோல அவிச்சுத் தின்னவரு. அதான் யாரு வயிறும் காயக்கூடாதுன்னு பாக்குறாரு."

பட்டினி கிடந்திருப்பார், நம்புகிறேன். பசித்த ஒருவனுக்கு அவர் ஊட்டி நான் பார்த்ததில்லை. விரல் காட்டாமல் திருப்பி அனுப்பியவர்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வயிறு நிறைந்தவனை, விரதக்காரனை, நோயாளியைத்தான் தேடித்தேடிப் பிடிப்பார். வாயை இறுக மூடியிருப்பவனைக் கண்டால்தான் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

என் தங்கை செல்விக்கு மூளைக்காய்ச்சல் கண்டது நான் ஆறாம் படிவப் பரீட்சை எழுதிய ஆண்டு. பொது மருத்துவமனையில் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். அவள் நடந்தாள். இடது காலை இன்றும் கொஞ்சம் இழுப்பாள், ஆனால் நடந்தாள். அப்பா விரதம் தொடங்கினார். மீன் இல்லாமல் ஒருவேளைச் சோறு இறங்காத மனிதர் தயிரும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டு மூட்டை தூக்கினார். தரையில் பாய் விரித்துப் படுத்தார். விரதத்தில் ஏதாவது பிசகினால் பிள்ளைக்கு மறுபடி வந்துவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கு இருந்ததா என்பது முக்கியமில்லை. அவருக்கு இருந்தது.

அந்தமுறை சீனப் புத்தாண்டுப் பெருநாள் தைப்பூச விரதத்துக்குள் வந்து விழுந்தது.

பெருநாளின் முதல் நாள் மத்தியானம் முதலாளி வீட்டில் கிடங்கு ஆட்களுக்குச் சாப்பாடு. அது பழைய வழக்கம். மண்டோர் முன்னால் நடக்க, ஆட்கள் பின்னால் போவார்கள். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்ததால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இப்போது நினைத்தால், தனியாகப் போக அவர் பயந்தார் என்று தோன்றுகிறது.

வாசலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே வட்ட மேசைகள். முதலாளி, எல்லாரும் 'தவுக்கே' என்று அழைக்கும் ஒல்லியான மனிதர், வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஆரஞ்சுப் பழம் கொடுத்து, "மக்கான், மக்கான்" என்று சாப்பிடச் சொல்லிவிட்டு வேறு விருந்தாளிகளைக் கவனிக்கப் போனார். எங்கள் தட்டுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் வாத்து இருந்தது. தோல் பழுப்பாக மினுங்கியது, நல்ல வாசம். அப்பாவுக்கு வாத்து என்றால் உயிர். அவர் வெறும் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்தார்.

மண்டோர் வந்தார். வழக்கம்போலக் குனிந்து பார்த்தார்.

"என்னா மணியம், சோத்துக்குப் பழமா தொட்டுக்கற?"

"வெரதம்ணே. ஒங்களுக்குத் தெரியும்ல."

"தெரியும் லா. இன்னிக்கு ஒரு நாளு தவுக்கே வீட்டு நாளு. அவரு மனசு கோணக்கூடாது. ஒரு துண்டு, ஒரே துண்டு."

நான் எழுந்தேன். "மாமா, அப்பா செல்விக்காகக் காவடி எடுக்கறாரு. வேணாம், விட்டுருங்க."

"பாரு லா, படிச்ச தொர பேசுறாரு!" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. தவுக்கே கோவிச்சுக்குவாரு. ரெண்டு பேர்ல யாரு சம்பளம் குடுக்குறது?"

மேசை சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ராமையா அண்ணனின் வாய் திறந்திருந்தபோது கேட்ட அதே சிரிப்பு. அப்பா அசட்டுத்தனமாக உதட்டை விரித்தார். அந்த இடைவெளி போதும் அவருக்கு. இடது கையால் அப்பாவின் தாடையைப் பிடித்து, வலது கையால் வாத்துத் துண்டை உள்ளே தள்ளினார். கொழுப்பு அப்பாவின் மோவாயில் வழிந்தது. அந்த மஞ்சள் நகம் அவர் உதட்டுக்குள் போய் வெளியே வந்ததை நான் பார்த்தேன். "ம்ம், அப்புடித்தான், மெல்லு" என்று கன்னத்தில் தட்டினார், குழந்தைக்குத் தட்டுவதுபோல.

அப்பா மெல்லவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அவர் சாக்கடை ஓரம் குந்தி அதைத் துப்பினார். வெறும் வயிறு, மஞ்சள் நீர் நூலாக வந்தது. வீட்டு வாசல் குழாயைத் திறந்து கொப்பளித்தார், திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். துணியை விரலில் சுற்றிப் பல்லைத் தேய்த்தார். உதட்டில் ரத்தம் கசிந்தது.

அப்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு தவுக்கேயின் மனைவி வந்தார். என்ன ஆச்சு, உடம்புக்கு ஆகவில்லையா என்று மலாயில் கேட்டார். நான் சொன்னேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு மங்குக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்து காட்டினார். காளான், முட்டைக்கோஸ், கண்ணாடிச் சேமியா.

"இது சாய்," என்றார். கறி மீன் இல்லாத சாப்பாட்டுக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பெயர். "வருசத்து முதல் நாள் நான் கறி தொடமாட்டேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் இன்னிக்கு இதான். ஒங்க ஆளுங்களுக்கும் சேத்து ஆக்கட்டுமான்னு வருசா வருசம் கேப்பேன். ஒங்க மண்டோர், தேவையில்ல, எங்காளுங்க எல்லாம் திம்பானுங்கன்னு சொல்லிருவாரு."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே விரதச் சாப்பாடு கொதித்துக்கொண்டிருந்தது. அது மண்டோருக்குத் தெரியும். தவுக்கேயின் மனசு எதிலும் கோணவில்லை. கோணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இவர் தன் ஆட்களின் வாய்களைத் தட்டில் அடுக்கி முதலாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தார், முதலாளி பார்க்கவேயில்லை.

அந்த அம்மாள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே நின்றார். அப்பா கும்பிட்டார். "இன்னொரு நாளைக்கு," என்றார். அந்த அம்மாள் சரி என்று தலையாட்டி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா காவடிக் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தார். "முழுங்கலல்ல? அப்புறம் என்னா? மஞ்சத்தண்ணி ஊத்திக் குளி, போதும்" என்று அவர் சொன்னாராம். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. "வாய்க்குள்ள போயிருச்சுப்பா" என்று என்னிடம் சொன்னார். விரதத்தை விடவில்லை, ஆனால் காவடிக்குச் சொல்லிவைத்திருந்ததை நிறுத்திவிட்டார். இரவில் எழுந்து எழுந்து செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். பிள்ளையே பால்குடம் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நடங்கள், அடுத்த வருசம் காவடி எடுங்கள். செல்வியிடம் கேட்டோம். "எடுக்கறேன்பா. மேல போற வரைக்கும் ஒன்னும் சாப்புட மாட்டேன்," என்றாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள். தேங்காய் சிதறிக் கிடந்த சாலையில் வெறுங்காலோடு, மஞ்சள் பாவாடையில், தலையில் சின்னச் செம்போடு செல்வி காலை இழுத்து இழுத்து வந்தாள். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கிடங்கு ஆட்கள் போட்ட பந்தலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே மண்டோர் நின்றிருந்தார். மஞ்சள் துண்டு, நெற்றி நிறைய விபூதி, கையில் கேசரி வாளி.

"அடடே, நம்ம மணியம் பொண்ணா! வாம்மா, வாம்மா. ஒரு வாய் கேசரி."

"வேணாம் மாமா," என்றாள் செல்வி.

"என்னா வேணாம்? பச்சப் புள்ள, வெயில்ல மயங்கி விழுந்துரும். சாமி பேர்ல குடுக்கறது. வாயத் தொற." வாளிக்குள் கையை விட்டு ஓர் உருண்டை எடுத்தார். நெய் மணிக்கட்டுவரை வழிந்தது. இன்னொரு கையால் அவள் தாடையைப் பிடித்தார். செம்பு ஆடிப் பால் அவள் நெற்றியில் சிந்தியது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள், கண்களையும்.

அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மூட்டை தூக்கித் தூக்கி இரும்பான கை அப்பாவுடையது. அதை இப்படி ஒரு காரியத்துக்கு அவர் பயன்படுத்தி அதுவரை நான் பார்த்ததில்லை.

"விடுங்கண்ணே."

"என்னா லா இது, பிரசாதத்தப் போயி..."

"அவ வேணாம்னா வேணாம்தான். எடுங்க கைய."

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. மண்டோர் சுற்றிலும் பார்த்தார், சிரிப்பைத் தேடுகிறவரைப் போல. அவர் பிடி தளர்ந்தது. கேசரி தரையில் விழுந்து தேங்காய்த் தண்ணீரில் கரைந்தது. செல்வியின் தாடையில் நெய்த் தடம் இருந்தது. அப்பா தன் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்து, செம்பை நேராக்கி, "நட" என்றார். அவள் மேலே போய்ப் பாலை ஊற்றினாள். ஒரு சொட்டும் வாயில் படாமல் போய் ஊற்றினாள். அதன்பிறகு அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தைப்பூச விடுமுறை முடிந்து அப்பா கிடங்கு வாசலுக்குப் போய் நின்றார். விரல் மற்ற எல்லாரையும் காட்டியது. அன்றுதான் புதிதாக வந்து நின்ற ஒருவனைக்கூடக் காட்டியது.

"நீ போயி ஓய்வெடு லா மணியம். வெரதம் இருந்த ஒடம்பு," என்றாராம் மண்டோர். அந்த ஓய்வு அதன்பிறகு முடியவேயில்லை. கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் படகேறிப் போகத் தொடங்கும்வரை சில மாதம் எங்களுக்குச் சிரமம்தான். அப்பா மறு வருசம் காவடி எடுத்தார். இவ்வளவுக்கும் பிறகு மண்டோரின் சாவுக்கும் போனார், பெட்டிக்கு முன்னால் கும்பிட்டார், வீட்டுக்கு வந்து குளித்தார். ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலை இல்லை என்று திரும்பிவந்த அந்தக் காலையில் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"பசியாற என்னா இருக்கு?" என்றார்.

நேற்றைய நெத்திலிச் சம்பல் இருந்தது. தோசை ஊற்றினாள். விரதம் முடிந்து அவர் சாப்பிடும் முதல் மீன். நன்றாகச் சாப்பிட்டார், விரலை வழித்துச் சாப்பிட்டார். அம்மா கல்லிலிருந்து இன்னொரு தோசையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போதும்," என்றார் அப்பா.

அம்மா அதைச் செல்வியின் தட்டில் போட்டாள்.